மைதாவும் முள்ளங்கியும் ஒன்றல்ல

கேள்வி:

மேடம், வணக்கம். ஆத்தூருக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் இருக்கிறோம். என் கணவருக்கு 48 வயது. ஆறு வருடமாகச் சர்க்கரைக்கு மாத்திரை எடுக்கிறார். போன வருடம் சிறுநீரகக் கல்லும் வந்து போனது. மாமியாருக்கு ரத்த அழுத்தம் உண்டு, இதயத்தில் ஸ்டென்ட் வைத்திருக்கிறோம். மகளுக்கு 16 வயது, ஹீமோகுளோபின் 9.6 தான் இருக்கிறது. ஐந்து மாதத்துக்கு முன்னால் என் கொழுந்தனார் “வெள்ளை உணவெல்லாம் விஷம்” என்று ஒரு வீடியோ அனுப்பினார். சர்க்கரை, மைதா, உப்பு என்று தொடங்கிய அந்தப் பட்டியலை மாமியார் காய்கறி வரைக்கும் நீட்டிவிட்டார். அன்றிலிருந்து முள்ளங்கி, காலிஃபிளவர், பூசணி, நூல்கோல் எதுவும் வீட்டுக்குள் வருவதில்லை. பூண்டுக்கு மட்டும் விலக்கு. அதை மாமியார் தினமும் காலையில் பச்சையாக இரண்டு பல் விழுங்குகிறார். கேரட், பீன்ஸ் விற்கிற விலையில் கொஞ்சமாக ஒரு பொரியல் செய்வதோடு நிறுத்திக்கொள்கிறேன். இதற்கிடையில் கணவரின் ஹெச்பிஏ1சி (மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி) 7.4-லிருந்து 8.1 ஆகிவிட்டது. மகள் கடையில் விற்கும் சில்லி காலிஃபிளவர் என்றால் மட்டும் சாப்பிடுகிறாள். வெள்ளைக் காய்களில் உண்மையிலேயே சத்து இல்லையா? காலையில் வேலைக்குப் போகுமுன் எனக்குக் கிடைப்பது முக்கால் மணி நேரம். அதற்குள் செய்யும்படி சொல்லுங்கள். நான் தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறேன். காலிஃபிளவர், கோஸ் ஆகாது என்கிறார்கள். முடிந்தால் அதையும் சொல்லவும்.

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

வெள்ளைக் காய்களில் சத்து இருக்கிறது. அடுத்த சந்தைக்கே போய் முள்ளங்கியும் பூசணியும் வாங்கி வாருங்கள். உங்கள் வீட்டில் இருக்கும் நான்கு பேருக்கும் அவை தேவை. காரணம்தான் ஒவ்வொருவருக்கும் வேறு.

அந்த வீடியோ எங்கே தடம் மாறியது என்பதைச் சொல்லிவிடுகிறேன், மாமியாரிடம் பேச உங்களுக்கு உதவும். சர்க்கரையும் மைதாவும் தீட்டிய அரிசியும் வெள்ளையாக இருப்பது ஆலையில் நடந்த வேலையால். கோதுமையின் தவிட்டையும் முளையையும் நீக்கினால் மைதா. நெல்லின் தவிட்டை உரித்தெடுத்தால் பளபளவென்ற வெள்ளை அரிசி. நார்ச்சத்து, பி1 வைட்டமின், தாது உப்புகள் பெரும்பாலும் அந்தத் தவிட்டோடு போய்விடுகின்றன. அங்கே வெள்ளை என்றால் எடுக்கப்பட்டது என்று அர்த்தம். முள்ளங்கியிலிருந்து யாரும் எதையும் எடுக்கவில்லை. அது மண்ணிலிருந்து வரும்போதே வெள்ளை. உப்பின் கதை இரண்டிலும் சேராது. அதில் கவலை சோடியத்தைப் பற்றியது, நிறத்தைப் பற்றியது அல்ல.

“கலர் இல்லாத காயில் சத்து இல்லை” என்ற பேச்சிலும் பாதிதான் உண்மை. கேரட்டின் ஆரஞ்சு நிறம் பீட்டா கரோட்டினால் வருகிறது. உடல் அதை ஏ வைட்டமினாக மாற்றிக்கொள்கிறது. வெள்ளைக் காய்களில் அது இல்லை, அதனால் கேரட்டையும் கீரையையும் விட்டுவிடாதீர்கள். ஆனால் சி வைட்டமினுக்கு நிறம் கிடையாது. பொட்டாசியத்துக்கும் ஃபோலேட் என்ற பி வைட்டமினுக்கும் நார்ச்சத்துக்கும் கிடையாது. 100 கிராம் பச்சைக் காலிஃபிளவரில் சுமார் 48 மில்லிகிராம் சி வைட்டமின் இருக்கிறது. பெரியவர்களில் பெண்ணுக்கு ஒரு நாள் தேவை என இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் சொல்வது 65 மில்லிகிராம். சமைக்கும்போது ஒரு பங்கு போனாலும் மிச்சம் கணிசமானது. நூல்கோலும் இதற்குச் சளைத்ததல்ல. கண்ணால் பார்த்துச் சத்தை அளக்க முடியாது என்று மாமியாரிடம் பொறுமையாகச் சொல்லுங்கள். அவர் அக்கறையில்தான் நிறுத்தினார், அந்த அக்கறையைப் புண்படுத்த வேண்டியதில்லை.

உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் கவலைப்பட வைத்த வரி, “கொஞ்சமாக ஒரு பொரியலோடு நிறுத்திக்கொள்கிறேன்” என்பது. ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ல் வெளியிட்ட உணவு வழிகாட்டியின்படி, பெரியவர் ஒருவருக்கு நாளொன்றுக்குக் கீரையோடு சேர்த்து 400 கிராம் காய்கறி வேண்டும். நான்கு பேர் வீட்டுக்கு ஒன்றரைக் கிலோவுக்கு மேல். கேரட்டையும் பீன்ஸையும் மட்டும் வைத்து அந்த அளவை எட்ட நடுத்தரக் குடும்பத்தால் முடியாது. பெரும்பாலான மாதங்களில் விலை குறைவாகக் கிடைக்கும் முள்ளங்கி, பூசணி, சுரைக்காய், சௌசௌ, வாழைத்தண்டு ஆகியவைதான் நம் ஊர்ச் சமையலில் அந்த அளவை நிரப்பி வந்தன. அவற்றை எடுத்துவிட்டால் தட்டில் காலியான இடத்தில் என்ன வந்து உட்காரும்? சாதம்தான். உங்கள் கணவரின் எண் ஏறியதற்கு மாத்திரை, நடை, தூக்கம், மனக்கவலை என்று பல காரணங்கள் இருக்கலாம், இது ஒன்றையே பிடித்துக்கொள்ளக் கூடாது. ஆனாலும் காய் குறைந்து சாதம் கூடிய ஐந்து மாதங்கள் அந்தக் கணக்கில் கட்டாயம் இருக்கும்.

அவரைப் பொறுத்தவரை நிறத்தைப் பார்க்க வேண்டாம், மாவுச்சத்தைப் பாருங்கள். 100 கிராம் வெள்ளைப் பூசணியிலும் முள்ளங்கியிலும் மூன்று கிராமை ஒட்டித்தான் மாவுச்சத்து. காலிஃபிளவரில் ஐந்து, நூல்கோலில் ஆறு. உருளைக்கிழங்குக்கு வந்தால் 17. மரவள்ளிக்கு, உங்கள் பக்கத்தில் குச்சிக்கிழங்கு என்பீர்கள், 38. வெந்த சாதத்தில் சுமார் 28. ஆக, உங்கள் ஊர்க் குச்சிக்கிழங்கு சாதத்தைவிடக் கனமானது. அந்தக் கிழங்கிலிருந்து மாவை மட்டும் பிரித்தெடுத்துச் செய்யும் ஜவ்வரிசி இன்னும் கனம். வெள்ளைக் காய்களை ஒரே மூட்டையாகக் கட்டக் கூடாது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். முள்ளங்கியை அவர் கேட்கிற அளவு போடலாம். கிழங்கு சமைக்கிற அன்று சாதத்தை அதே அளவு குறைக்க வேண்டும். சாதத்தோடு உருளைக்கிழங்கு வறுவல், சாம்பாரிலும் கிழங்கு என்ற சேர்க்கை அவருக்கு வேண்டாம். குச்சிக்கிழங்கை நன்றாக வேகவைத்துத் தண்ணீரைக் கொட்டிவிட்டுத்தான் யாரும் சாப்பிட வேண்டும். அதில் சயனைடை வெளிவிடும் பொருள் இயல்பிலேயே இருக்கிறது. இது உங்களுக்குத் தெரிந்திருக்கும், மகளுக்கும் சொல்லி வையுங்கள்.

தட்டில் முதலில் காயையும் பருப்பையும் சாப்பிடச் சொல்லுங்கள், பிறகு சாதம். இந்த வரிசை மாற்றத்தால் சாப்பாட்டுக்குப் பின் சர்க்கரை ஏறும் வேகம் மட்டுப்படுகிறது. ஓர் எச்சரிக்கை: அவர் கிளிமிபிரைடு போன்ற மாத்திரை எடுப்பவரானால், சாதத்தைச் சட்டென்று பாதியாக்கினால் சர்க்கரை தாழ்ந்துபோகலாம். படிப்படியாகக் குறையுங்கள், குறைப்பதை மருத்துவரிடம் சொல்லிவிட்டுச் செய்யுங்கள்.

இணையத்தில் இன்னொரு பக்கத்துக் கூச்சலும் இருக்கிறது. வெள்ளைக் காய் பக்கவாதத்தைத் தடுக்கும் என்று யாராவது உங்களுக்கு அனுப்பக்கூடும். அந்தப் பேச்சின் தொடக்கம் நெதர்லாந்தில் நடந்து 2011-ல் வெளியான ஓர் ஆய்வு. 20,069 பேரைப் பத்து ஆண்டுகள் கவனித்தார்கள். பழங்களையும் காய்களையும் நிற வாரியாகப் பிரித்துப் பார்த்தபோது, வெள்ளை வகையை அன்றாடம் 25 கிராம் கூடுதலாகச் சாப்பிடுவோருக்குப் பக்கவாத ஆபத்து 9 சதவீதம் குறைவாகத் தெரிந்தது. நல்ல செய்திதான். ஆனால் அவர்கள் சாப்பிட்ட அந்த வெள்ளை வகையில் பாதிக்கு மேல் ஆப்பிளும் பேரிக்காயும், சதை வெள்ளை என்பதால் அந்தக் கணக்கில் சேர்த்தவை. அதை அப்படியே முள்ளங்கிக்குச் சூட்டுவது நியாயமில்லை. காய்க்கு விஷப் பட்டமும் வேண்டாம், மருந்துப் பட்டமும் வேண்டாம்.

இனி அடுப்படிக்கு வருவோம். உங்கள் முக்கால் மணி நேரத்தை மனதில் வைத்தே சொல்கிறேன்.

காலிஃபிளவரை எப்படி நடத்துகிறோம் என்பதில் நிறைய இருக்கிறது. புழுவுக்குப் பயந்து பொடியாக நறுக்கிக் கொதிநீரில் வெகுநேரம் போட்டுவைப்பதுதான் பல வீடுகளில் நடக்கிறது. சி வைட்டமினும் ஃபோலேட்டும் தண்ணீரில் கரைபவை, சாக்கடையோடு போய்விடும். பூக்களைப் பெரிதாகவே பிரித்து, உப்பும் மஞ்சள்தூளும் போட்ட சுடுநீரில் ஐந்து நிமிடம் வைத்து எடுத்தால் போதும், புழு இருந்தால் வெளியே வந்துவிடும். அதன் பிறகு சிறிதாக நறுக்குங்கள்.

நறுக்கியதும் அடுப்பில் ஏற்ற வேண்டாம். காலிஃபிளவர், கோஸ், முள்ளங்கி, நூல்கோல், டர்னிப் எல்லாம் ஒரே குடும்பம். கந்தகம் கலந்த சில பொருட்கள் இவற்றில் உண்டு. நறுக்கும்போது காயின் உள்ளேயிருக்கும் ஒரு நொதி அவற்றோடு கலந்து சல்ஃபோராஃபேன் போன்றவற்றை உண்டாக்குகிறது. சூடு பட்டால் அந்த நொதி செத்துவிடும். அரை மணி நேரம் முன்னதாக நறுக்கி வைத்துவிட்டால் நொதி தன் வேலையை முடித்திருக்கும். இந்தப் பொருள் புற்றுநோயைத் தடுக்கிறதா என்பதை ஆய்வகத்தில் நிறையச் சோதித்திருக்கிறார்கள். மனிதர்களிடம் அப்படிச் சொல்லும் அளவுக்குச் சான்று சேரவில்லை. ஆனாலும் காசு செலவில்லாத பழக்கம், வைத்துக்கொள்ளலாம். காலையில் எழுந்ததும் முதல் வேலையாகக் காலிஃபிளவரை நறுக்கி வையுங்கள். பருப்புக்குக் குக்கர் வைத்து, சாதம் வடித்து, மற்ற வேலை முடிவதற்குள் நேரம் ஆகியிருக்கும். இன்னொரு உபாயமும் உண்டு. அந்த நொதி கடுகிலும் இருக்கிறது. தாளிக்கும் கடுகில் அது மிஞ்சாது. குமரி மாவட்டத்தில் பச்சடிக்குப் பச்சைக் கடுகை நசுக்கிச் சேர்ப்பார்கள். அதேபோல் இறக்கிய பொரியலில் கால் டீஸ்பூன் கடுகுப்பொடி தூவினால் லேசான காரமும் கிடைக்கும், காய்க்கும் நல்லது.

வேகவைக்கும் முறை: இட்லிப் பாத்திரத்தில் நான்கு நிமிடம் ஆவி. வாணலியில் இரண்டு டீஸ்பூன் நல்லெண்ணெய், சீரகம், கறிவேப்பிலை, பத்துச் சின்ன வெங்காயம். வெங்காயம் வதங்கியதும் காலிஃபிளவரைப் போட்டு, கொரகொரப்பாக இடித்த மிளகு, உப்பு சேர்த்து மூன்று நிமிடம் பிரட்டினால் முடிந்தது. கடித்தால் நறுக்கென்று இருக்க வேண்டும். குழைந்த காலிஃபிளவரில்தான் அந்தக் கந்தக வாடை தூக்கலாக வரும். உங்கள் பகுதியில் போர் தண்ணீர் உப்பாக இருந்தால் பூ மஞ்சளடிக்கும். வெள்ளைக் காய்களின் நிறமி காரத்தன்மையுள்ள நீரில் மஞ்சளாகும், புளிப்பில் வெளுப்பாக நிற்கும். பயப்பட ஒன்றுமில்லை, நாலு சொட்டு எலுமிச்சைச் சாறு போதும். சீக்கிரம் வேக வேண்டும் என்று சமையல் சோடா போடுகிறவர்கள் அதை விட்டுவிட வேண்டும். பி1, சி இரண்டையும் அது சிதைத்துவிடும்.

முள்ளங்கிக்கு வீட்டில் எதிர்ப்பு வருவது வாடையால். மூடி போட்டு வேகவைப்பதுதான் அதற்கு முக்கியக் காரணம். வட்டமாக மெல்லிசாக நறுக்கி, ஒரு டீஸ்பூன் எண்ணெயில் திறந்த வாணலியில் ஐந்து நிமிடம் வதக்குங்கள். வாடை ஆவியோடு போய்விடும். அதன் பிறகு சாம்பாரில் போட்டாலும் பாசிப்பருப்போடு கூட்டாக்கினாலும் யாரும் மூக்கைச் சுளிக்க மாட்டார்கள். நேரம் இல்லாத நாளில் பச்சையாகவே துருவி, ஊறவைத்த பாசிப்பருப்பு இரண்டு கைப்பிடி, எலுமிச்சைச் சாறு, பச்சை மிளகாய், மல்லித்தழை சேர்த்து, கடுகு பெருங்காயம் தாளித்துக் கொட்டுங்கள். அடுப்பு வேலை இரண்டு நிமிடம்தான். முள்ளங்கிக் கீரையைக் கடையிலேயே கிள்ளிப் போட்டுவிட்டு வராதீர்கள். சி வைட்டமினும் கால்சியமும் கிழங்கைவிட இலையில் அதிகம், ஏ வைட்டமினுக்கான கரோட்டினும் இலையில்தான் இருக்கிறது. பொடியாக நறுக்கித் துவரம்பருப்போடு கடைந்தால் லேசான கசப்போடு நன்றாக இருக்கும்.

வெள்ளைப் பூசணியில் 100-க்கு 96 பங்கு தண்ணீர். சத்து மிகுதி என்று சொல்ல மாட்டேன். 100 கிராமுக்கு 13 கலோரிதான் என்பதும், வயிறு நிறைய உண்ணலாம் என்பதும்தான் அதன் பெருமை. வெறும் வயிற்றில் பூசணிச் சாறு குடிக்கும் பழக்கம் இப்போது ஊரெல்லாம் பரவியிருக்கிறது. சாறெடுத்தால் இருக்கும் கொஞ்சநஞ்ச நாரும் சக்கையாகப் போகிறது. கூட்டாகவே சாப்பிடுங்கள். தோல் சீவிய துண்டுகளைக் கால் டம்ளர் தண்ணீரில் உப்பு, மஞ்சள் போட்டு வேகவையுங்கள், அது தானே நீர் விடும். இரண்டு ஸ்பூன் தேங்காய், சீரகம், பச்சை மிளகாய் அரைத்து ஊற்றி ஒரு கொதி. அடுப்பை அணைத்து, சூடு சற்று ஆறியபின் கடைந்த தயிரைச் சேர்த்தால் திரியாது. இதே பூசணியைச் சர்க்கரைப் பாகில் கிளறினால் காசி அல்வா. கல்யாண வீட்டில் உங்கள் கணவர் ஒரு ஸ்பூனோடு நிறுத்திக்கொள்ளட்டும்.

வாழைத்தண்டு சிறுநீரகக் கல்லைக் கரைக்கும் என்று நம் ஊரில் எல்லோரும் சொல்கிறோம். எலிகளிடம் நடந்த சில சோதனைகள் நம்பிக்கை தருகின்றன. வந்த கல்லை மனிதருக்குக் கரைத்துவிடும் என்று நம்பி வைத்தியத்தைத் தள்ளிப்போடுவது ஆபத்து. மறுபடி கல் வராமல் இருக்க உங்கள் கணவருக்கு வேண்டியது நாளைக்கு இரண்டரை லிட்டர் சிறுநீர் போகும் அளவுக்குத் தண்ணீரும், குறைந்த உப்பும். வாழைத்தண்டை அதன் நாருக்காகச் சாப்பிடலாம். நறுக்கும்போது வரும் நூலை விரலில் சுற்றி எடுத்து, துண்டுகளை மோர் கலந்த தண்ணீரில் போட்டால் கறுக்காது. அதைச் சுத்தம் செய்வது காலைப் பரபரப்புக்கு ஒத்துவராத வேலை. ஞாயிற்றுக்கிழமைக்கு வைத்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் இரவே நறுக்கி மோர்த் தண்ணீரோடு குளிர்பதனப் பெட்டியில் வைத்துவிட்டால், காலையில் பாசிப்பருப்போடு வேகவைத்துத் தேங்காய் தூவப் பத்து நிமிடம். நூல்கோலுக்குச் சொல்ல அதிகம் இல்லை. எலுமிச்சையைவிடச் சற்றுப் பெரிதாக, இளசாக வாங்குங்கள். தோலைத் தடிமனாகச் சீவுங்கள். சாம்பாரிலோ குருமாவிலோ உருளைக்கிழங்கு போடும் இடத்தில் இதைப் போடுங்கள்.

மாமியாரின் பூண்டைப் பற்றிக் கொஞ்சம் கவனமாகப் பேச வேண்டும். ஸ்டென்ட் வைத்தவர் என்கிறீர்கள். அப்படியென்றால் ஆஸ்பிரினோ குளோபிடோக்ரலோ, ரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரை அநேகமாக எடுத்துக்கொண்டிருப்பார். பூண்டுக்கும் ரத்தம் உறைவதைச் சற்றுத் தாமதப்படுத்தும் குணம் உண்டு. குழம்பிலும் ரசத்திலும் போடும் பூண்டால் பயமில்லை. தினமும் பச்சையாக மருந்துபோல் எடுப்பதை அவருடைய இதய மருத்துவரிடம் சொல்லி, சரி என்றால் மட்டும் தொடரட்டும். பல் பிடுங்குவது, கண்புரை என்று ஏதாவது சிகிச்சைக்குப் போகும்போதும் இதைச் சொல்ல வேண்டும். பூண்டு ரத்த அழுத்தத்தைக் கொஞ்சம் குறைக்கும் என்பதற்கு ஆய்வுகள் உண்டு. “கொஞ்சம்” என்பதை அழுத்திச் சொல்கிறேன், மாத்திரைக்கு அது மாற்றாகாது. இன்னொன்று, முழுப் பல்லை விழுங்குவதால் அவர் நினைக்கிற பலன் பெரிதாகக் கிடைப்பதில்லை. பூண்டை நசுக்கினால்தான் அந்தப் பலனைத் தரும் அல்லிசின் என்ற பொருள் உண்டாகும். நசுக்கிப் பத்து நிமிடம் வைத்துவிட்டுப் பிறகு ரசத்தில் கடைசியாகச் சேர்த்தால் போதும். வயிற்றெரிச்சலும் இருக்காது.

அவருடைய ரத்த அழுத்தத்துக்கு வெள்ளைக் காய்களின் பொட்டாசியம் நல்ல துணை. துணை வேலை செய்ய வேண்டுமானால் ஊறுகாய், அப்பளம், வடகம், கருவாடு குறைய வேண்டும். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு நாளைக்கு 5 கிராமுக்கும் குறைவான உப்பு, ஒரு டீஸ்பூனுக்குக் கீழே. ஆனால் அவருக்குச் சமீபத்தில், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் பரிசோதனை பார்த்தீர்களா? சிறுநீரகம் தளர்ந்திருந்தால் பொட்டாசியம் உடலில் தேங்கும். அப்போது வாழைத்தண்டு, உருளைக்கிழங்கு போன்றவற்றை நறுக்கி நிறையத் தண்ணீரில் வேகவைத்து அந்தத் தண்ணீரைக் கொட்ட வேண்டியிருக்கும். மற்ற எல்லோருக்கும் நான் சொல்வதற்கு நேர் எதிரான முறை அது. அதனால்தான் பரிசோதனை முடிவைப் பார்த்துவிட்டு அவருடைய தட்டை முடிவு செய்யச் சொல்கிறேன்.

வீட்டுக்குள்ளேயே இருப்பவர் என்றால் அவருக்குக் காளானும் நல்லது. காளான் தாவரமே அல்ல, பூஞ்சை. ஆனால் சந்தையில் காயோடுதான் இருக்கிறது, சமையலிலும் காய்தான். அதில் இருக்கும் எர்கோஸ்டெரால் என்ற பொருள் வெயில் பட்டால் டி2 வைட்டமினாக மாறும். நம் தோலில் நடப்பதைப் போன்ற வேலை. மொட்டுக் காளானோ சிப்பிக்காளானோ, நறுக்கித் தட்டில் பரப்பி உச்சி வெயிலில் அரை மணி நேரம் வைத்துவிட்டுச் சமையுங்கள். வாணலி நன்றாகச் சூடானபின் போட்டு, உப்பைக் கடைசியில் சேர்த்தால் நீர் விட்டுச் சதசதக்காது. வழவழப்பாகிப்போன காளானை மட்டும் யோசிக்காமல் எறிந்துவிடுங்கள்.

மகள் விஷயத்தில் ஒரு வார்த்தை கண்டிப்பாகச் சொல்கிறேன். 9.6 என்பது உணவால் மட்டும் சரிசெய்யக்கூடிய அளவு அல்ல. அவள் வயதில் 12-க்குக் கீழே போனாலே ரத்தசோகை. 11-க்கும் கீழே என்பது மிதமான ரத்தசோகை. மருத்துவரிடம் காட்டி, காரணம் பார்த்து, இரும்புச்சத்து மாத்திரை தொடங்க வேண்டும். மாதவிடாய் அதிகமாகப் போகிறதா என்பதை நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். அவளாகச் சொல்ல மாட்டாள். உணவின் பங்கு இங்கே என்னவென்றால், கீரை, பருப்பு, கேழ்வரகில் இருக்கும் இரும்பை உடல் எளிதில் ஏற்றுக்கொள்ளாது. அதே வேளைச் சாப்பாட்டில் சி வைட்டமினும் இருந்தால் ஏற்பு கூடும். முருங்கைக்கீரை செய்கிற நாளில் அந்த முள்ளங்கி–பாசிப்பருப்புக் கலவையையோ, சீக்கிரம் வெந்த காலிஃபிளவரையோ தட்டில் சேர்த்து வையுங்கள். டீயும் காபியும் சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் தள்ளி இருக்கட்டும்.

சில்லி காலிஃபிளவரை அவள் விரும்புகிறாள் என்றால் அவளுக்குக் காலிஃபிளவர் பிடித்திருக்கிறது, அதுவரைக்கும் மகிழ்ச்சி. கடையின் அந்தச் செக்கச்செவேல் நிறம்தான் உறுத்துகிறது. 2024 மார்ச்சில் கர்நாடக அரசு, காலிஃபிளவரில் செய்யும் கோபி மஞ்சூரியனில் செயற்கை நிறமிகள் சேர்ப்பதற்குத் தடை போட்டது. அங்கே எடுத்த கோபி மாதிரிகள் பலவற்றில் பாதுகாப்பற்ற நிறமிகள் இருந்தன. பஞ்சுமிட்டாய் மாதிரிகளில் துணிக்கும் காகிதத்துக்கும் ஏற்றும் ரோடமின்–பி வரைக்கும் கிடைத்தது. வீட்டில் இப்படிச் செய்து கொடுங்கள்: ஆவியில் வைத்த பூக்களைத் துணியில் பரப்பி ஈரம் போக உலர்த்துங்கள். கெட்டித் தயிர், நசுக்கிய பூண்டு, காஷ்மீர் மிளகாய்த்தூள், கடலை மாவு இரண்டு ஸ்பூன், அரிசி மாவு ஒரு ஸ்பூன், உப்பு கலந்து பிரட்டுங்கள். பணியாரக் கல்லில் குழிக்கு அரை டீஸ்பூன் எண்ணெய் விட்டுத் திருப்பித் திருப்பி எடுத்தால் வெளியே முறுகலாகவும் உள்ளே பதமாகவும் வரும். கறிவேப்பிலையைப் பொரித்துத் தூவிக் கொடுங்கள். முதல் தடவை அவளையே செய்யச் சொல்லுங்கள்.

கடைசியாக உங்களைப் பற்றி. இவ்வளவு நீளக் கடிதத்தில் உங்கள் உடம்பைப் பற்றி ஒரே வரிதான் எழுதியிருக்கிறீர்கள், அதற்கும் “முடிந்தால்” என்று ஒரு தயக்கம். காலிஃபிளவர், கோஸ் குடும்பத்தில் தைராய்டு சுரப்பி அயோடினை எடுத்துக்கொள்வதைத் தடுக்கக்கூடிய பொருட்கள் இருப்பது உண்மை. சமைக்கும் சூட்டில் அவற்றின் வீரியம் பெருமளவு குறைந்துவிடும். அயோடின் கலந்த உப்பு வீட்டில் புழங்குகிறது என்றால், வாரத்துக்கு இரண்டு மூன்று நாள் சமைத்த காலிஃபிளவரோ கோஸோ நீங்கள் தாராளமாகச் சாப்பிடலாம். பச்சையாக அரைத்துச் சாறு குடிப்பதை மட்டும் தவிருங்கள். முள்ளங்கி பச்சையாகச் சாப்பிட ஆசையென்றால் கொஞ்சமாகத் தொட்டுக்கொள்ளுங்கள்.

உங்கள் மாத்திரைக்கு உண்மையில் குறுக்கே வருவது காய் அல்ல, நேரம். காலையில் எழுந்ததும் வெறும் வயிற்றில் வெறும் தண்ணீரோடு போட்டு, அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் கழித்துக் காபி குடியுங்கள். காலிஃபிளவரை நறுக்க எழுந்திருக்கும் அந்த நேரத்திலேயே போட்டுவிட்டால் மறக்காது. கால்சியம் அல்லது இரும்புச்சத்து மாத்திரை உங்களுக்கும் இருந்தால் நான்கு மணி நேர இடைவெளி வேண்டும். மகளுக்கு வாங்கும் இரும்பு மாத்திரையை “நானும் ஒன்று போட்டுக்கொள்கிறேன்” என்று காலையிலேயே சேர்த்து விழுங்கிவிடாதீர்கள். தைராய்டின் நிலையைக் காட்டும் டிஎஸ்ஹெச் பரிசோதனை கடைசியாக எப்போது பார்த்தீர்கள் என்று கடிதத்தில் இல்லை. ஆறு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தால் கணவருக்கு அடுத்த ரத்தப் பரிசோதனைக்குப் போகும்போது உங்கள் பரிசோதனையைத் தள்ளிப்போடாமல், உங்களுக்கென்று தனியாகச் சீட்டு எழுதி வாங்கிப் பார்த்துவிட்டு, அந்த எண்ணையும் சேர்த்து எனக்கு எழுதுங்கள்.